ஒட்டிய பிவிசி பிட்டிங்குகளைக் கழற்றுதலும் மறுபயன்பாடும்

ஒட்டிய பிவிசி பிட்டிங்குகளின் மறுபயன்பாடு என்பது, சால்வென்ட் சிமென்ட் தடவி ஒட்டப்பட்ட பிவிசி குழாய்த் தடத்திலிருந்து எல்போ, டீ, வால்வு, யூனியன் முதலிய இணைப்புத் துண்டுகளை உடையாமல் பிரித்தெடுத்து, வேறொரு குழாயில் மீண்டும் பொருத்தும் வேலையாகும். வீட்டுக் குழாய்ப் பழுது, கிணற்று மோட்டாரின் இடமாற்றம், சொட்டுநீர்ப் பாசன அமைப்பில் மாற்றம், சில நாள் தேவைக்குப் போட்ட தற்காலிகக் குழாய்த் தடத்தைப் பிரித்தல் ஆகிய நேரங்களில் இத்தேவை எழுகிறது.

பிவிசி ஒட்டு, தாளைத் தாளோடு ஒட்டும் பசை போன்றதன்று. குழாயின் மேற்பரப்பும் பிட்டிங்கின் உட்பரப்பும் கரைந்து ஒரே பொருளாகச் சேர்ந்துவிடுகின்றன. எனவே காய்ந்த இணைப்பைத் திருகியோ இழுத்தோ திறக்க முடியாது. குழாயின் ஒரு பகுதியை அழித்துத்தான் பிட்டிங்கைக் காப்பாற்ற முடியும். எந்த முறை பலிக்கும், எந்த பிட்டிங்குக்கு அந்த உழைப்பு தகும், மீட்டதை எங்கே பொருத்தலாம், எங்கே பொருத்தக் கூடாது என்ற கேள்விகள் அனைத்துக்கும் விடை இந்த ஓர் உண்மையிலிருந்தே கிடைக்கிறது.

பின்னணி

வினைல் குளோரைடை 1835-ஆம் ஆண்டு பிரெஞ்சு வேதியியலாளர் ஆன்றி விக்டர் ரெனோ கண்டறிந்தார். அது வெயில் பட்டு வெண்ணிறத் திண்மமாக மாறுவதை 1872-இல் செருமானிய வேதியியலாளர் ஆய்கன் பௌமான் விவரித்தார். அந்தத் திண்மமே பாலிவினைல் குளோரைடு. அதிலிருந்து குழாய் செய்யும் தொழில் 1930-களில் செருமனியில் தொடங்கியது. தமிழ்நாட்டில் மேட்டூரில் உள்ள கெம்பிளாஸ்ட் ஆலை 1967 முதல் பிவிசி பிசினைத் தயாரித்து வருகிறது.

பிவிசி பரவுவதற்கு முன் வீடுகளிலும் கிணற்றடிகளிலும் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்களே இருந்தன. ஜி.ஐ. பைப் எனப்படும் இவற்றின் முனைகளில் மரை வெட்டி, சணல் நூலும் பெயின்டும் வைத்து முறுக்குவார்கள். பைப் ரெஞ்சு கொண்டு எதிர்ப்பக்கம் திருகினால் எல்போவும் டீயும் கழன்று வரும். துருவைத் தேய்த்துவிட்டு அவற்றை வேறிடத்தில் பூட்டலாம். பழைய பிட்டிங்குகளைச் சாக்கில் போட்டு வைத்துக்கொள்ளும் பழக்கம் அந்தக் காலத்தில் ஏற்பட்டது. பிவிசி குழாய் விலை குறைந்தது, எடை குறைந்தது, துருப்பிடிக்காதது. ஆனால் ஒட்டு முறை வந்ததும், இணைத்ததைப் பிரிக்கும் வசதி போய்விட்டது.

இந்தியாவில் குடிநீருக்கான பிவிசி குழாய்களுக்கு ஐ.எஸ். 4985, ஒட்டு முறையில் இணையும் வார்ப்பு பிட்டிங்குகளுக்கு ஐ.எஸ். 7834, சால்வென்ட் சிமென்டுக்கு ஐ.எஸ். 14182 ஆகிய இந்தியத் தர நிர்ணயங்கள் உள்ளன. குழாயின் மேல் அச்சிடப்படும் வெளிவிட்டமும் அழுத்த வகையும் இத்தரங்களின்படி அமைந்தவை.

ஒட்டு பிடிக்கும் விதம்

கடைகளில் பிவிசி பேஸ்ட் என்றும் சொல்யூஷன் என்றும் கேட்டு வாங்கப்படும் சால்வென்ட் சிமென்டில், கரைப்பான்களும் அவற்றில் கரைந்த பிவிசி பிசினும் உள்ளன. டெட்ராஹைட்ரோபியூரான், மெத்தில் எத்தில் கீட்டோன், சைக்ளோஹெக்சனோன், அசிட்டோன் ஆகியவை பொதுவாகப் பயன்படும் கரைப்பான்கள்.

பிட்டிங்கில் குழாய் நுழையும் பகுதி சாக்கெட் எனப்படும். இது வாயில் சற்று அகன்றும் உள்ளே போகப் போகச் சற்றுக் குறுகியும் இருக்கும். சிமென்ட் தடவியவுடன் இரண்டு பரப்புகளும் ஊறி மென்மையாகின்றன. குழாயைத் தள்ளும்போது, குறுகிய உட்பகுதியில் இரண்டும் ஒன்றையொன்று நெருக்குகின்றன. அங்கே இரு பக்கத்து மூலக்கூற்றுச் சங்கிலிகளும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. கரைப்பான் ஆவியாகி வெளியேறியதும் அந்தப் பின்னல் இறுகி, அவ்விடம் ஒரே சுவராகிறது. வாய்ப்பகுதியில் உள்ள சிறு இடைவெளியைச் சிமென்டில் இருந்த பிசின் நிரப்புகிறது.

இதிலிருந்து இரண்டு செய்திகள் தெரிகின்றன. முதலாவது, நன்கு ஒட்டிய இணைப்பில் வாய்ப்பகுதி எளிதில் பிரியும், அடிப்பகுதி கடைசிவரை பிடிவாதம் பிடிக்கும். இரண்டாவது, ஒட்டை மட்டும் கரைக்கும் திரவம் என்று ஒன்று இருக்க முடியாது. ஒட்டும் குழாயும் பிட்டிங்கும் ஒரே பொருள் என்பதால், ஒன்றைக் கரைப்பது மற்ற இரண்டையும் கரைக்கும்.

ஒட்டிய சில நொடிகளுக்குள் தவறு தெரிந்தால் உடனே இழுத்துப் பிரித்துவிடலாம். இரு பரப்பையும் துணியால் துடைத்துவிட்டு மீண்டும் சிமென்ட் தடவி ஒட்டலாம். வெயில் காலத்தில் கரைப்பான் விரைவாக ஆவியாவதால் இந்த அவகாசம் இன்னும் குறையும். ஒருமுறை பிடித்தபின் பாதியில் திருப்ப முயன்றால் இணைப்பு பிரியாது, ஒழுகும் இணைப்பாகத்தான் மாறும்.

எதை மீட்பது தகும்

சிறு அளவு எல்போ, டீ, கப்ளிங் ஆகியவை மலிவானவை. அவற்றை மீட்கச் செலவாகும் நேரமும் பிளேடும் புதிய பிட்டிங்கின் விலையை விட அதிகம். பின்வரும் இடங்களில்தான் மீட்பு பொருள் உள்ளதாகிறது.

1. விலை கூடிய உறுப்புகள்: பால் வால்வு, நீர் திரும்பி வருவதைத் தடுக்கும் வால்வு, பித்தளை மரை பதித்த பிட்டிங், சொட்டுநீர்ப் பாசனத்தின் வடிகட்டி.

2. பெரிய அளவுகள்: 75, 90, 110 மி.மீ. டீ, பெண்டு, ரெட்யூசர் போன்றவை.

3. பெயர்க்க முடியாத இடத்தில் இருப்பவை: சுவருக்குள் பூசி ஓடு பதித்த எல்போ, தொட்டியின் அடியில் கான்கிரீட்டில் பதிந்த பிட்டிங், பல கிளைகள் ஒன்றாகச் சேரும் தொகுப்பு.

4. கடை தொலைவாக இருந்து, வேலை அன்றே முடிய வேண்டிய நிலை.

வெயிலில் பல ஆண்டுகள் கிடந்து நிறம் வெளுத்து, நகத்தால் கீறினால் மாவு போல உதிரும் பிட்டிங்கை மீட்கக் கூடாது. புற ஊதாக் கதிர்பட்டு மேற்பரப்பு சிதைந்த பிவிசி நொறுங்கும் தன்மை அடைகிறது. அது வேலையின்போது உடையாவிட்டாலும் பின்னர் அழுத்தத்தில் உடையக்கூடும்.

மீட்கும் முறைகள்

வெட்டி கப்ளிங் போடுதல்

எளிதானதும் நம்பத்தக்கதும் இதுவே. பிட்டிங்கைத் தொடாமல், அதனோடு ஒட்டியிருக்கும் குழாயைச் சற்று நீளமாக விட்டு அறுத்து, அந்த மிச்சத்தில் புதிய கப்ளிங்கை ஒட்டுவது இம்முறை. பழைய ஒட்டு அப்படியே இருப்பதால் பிட்டிங்குக்கு எந்தச் சேதமும் இல்லை.

விட வேண்டிய நீளம் கப்ளிங்கின் சாக்கெட் ஆழத்தைப் பொறுத்தது. மெட்ரிக் அளவுப் பிட்டிங்குகளில், குழாயின் வெளிவிட்டத்தில் பாதியோடு 6 மி.மீ. கூட்டினால் சாக்கெட்டின் ஆழம் கிடைக்கும். 32 மி.மீ. குழாய்க்கு 22 மி.மீ., 63 மி.மீ. குழாய்க்கு 37.5 மி.மீ., 110 மி.மீ. குழாய்க்கு 61 மி.மீ. என்று வரும். எனவே 63 மி.மீ. பால் வால்வு ஒன்றைக் கழற்ற வேண்டுமானால், வால்வின் இருபுறமும் குறைந்தது 40 மி.மீ. குழாயை விட்டு அறுக்க வேண்டும். அதற்கும் குறைவாக அறுத்துவிட்டால் கப்ளிங் முழு ஆழத்துக்குப் பிடிக்காது. அதன்பின் உள்ளே இருக்கும் குழாய்த் துண்டை எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. அதற்கான முறைகள் கீழே தரப்பட்டுள்ளன.

பள்ளம் அறுத்துப் பெயர்த்தல்

மின்சாரமோ சூடோ தேவைப்படாத முறை இது. 25 மி.மீ. முதல் 63 மி.மீ. வரையான அளவுகளுக்கு ஏற்றது.

1. தண்ணீரை நிறுத்தி, தடத்தில் உள்ள நீரை வடித்து, பிட்டிங்கை உலரவிட வேண்டும். சாக்கெட்டின் வாயிலிருந்து ஏறத்தாழ 10 மி.மீ. வெளியே தெரியும்படி குழாயை நேராக அறுக்க வேண்டும். குறடு பிடிக்க இந்த மிச்சம் உதவும்.

2. ஆக்சா பிளேடைச் சட்டத்திலிருந்து கழற்றி, ஒரு முனையில் துணி சுற்றிக் கைப்பிடியாக்க வேண்டும். பிளேடைக் குழாயின் உள்ளே விட்டு, நீளவாக்கில் உள்ளிருந்து வெளிநோக்கிப் பள்ளம் அறுக்க வேண்டும்.

3. குழாயின் சுவர் முடியும் இடத்தில் நிறுத்த வேண்டும். சிறு குழாய்களின் சுவர் இரண்டொரு மில்லிமீட்டர் கனமே உடையது. அறுத்த குழாயின் முனையைப் பார்த்தால் அதன் கனம் தெரியும். பிளேடு அதைத் தாண்டினால் பிட்டிங்கில் கோடு விழும். பின்னாளில் அந்தக் கோட்டின் வழியே நீர் கசியும்.

4. முதல் பள்ளத்திலிருந்து ஒன்றரை செ.மீ. தள்ளி இரண்டாவது பள்ளம் அறுக்க வேண்டும். இரண்டுக்கும் இடையிலுள்ள பட்டையை, வாய்ப்பகுதியிலிருந்து தொடங்கி, மெல்லிய திருப்புளியாலோ சிறு உளியாலோ உள்நோக்கி நெம்ப வேண்டும்.

5. ஒரு பட்டை வெளியே வந்தவுடன் மீதித் துண்டு உள்ளே மடிய இடம் கிடைக்கிறது. குறட்டால் பிடித்து உள்நோக்கிச் சுருட்டினால் அது பெயர்ந்து வரும்.

பிவிசி சில்லுகள் தெறிக்கும் என்பதால் கண்ணாடி அணிவது அவசியம். உளியைச் சுத்தியலால் ஓங்கி அடித்தால் பிட்டிங் வெடிக்கும். தட்டுவதைவிட நெம்புவதே பாதுகாப்பானது.

சூடாக்கி உரித்தல்

பிவிசி ஏறத்தாழ 80° செல்சியசில் கண்ணாடி போன்ற விறைப்பு நிலையிலிருந்து தோல் போன்ற மென்மை நிலைக்கு மாறுகிறது. பிட்டிங்கின் சுவர் பொதுவாகக் குழாயின் சுவரை விடக் கனமானது. ஆகவே உட்புறத்திலிருந்து சூடு கொடுத்தால் குழாய் முதலில் இளகும், பிட்டிங் சற்று நேரம் விறைப்பாகவே இருக்கும். அந்த இடைவேளையில்தான் வேலையை முடிக்க வேண்டும்.

பிட்டிங்கின் வெளிப்புறத்தில் ஈரத் துணியைச் சுற்றி, ஹீட் கன்னைக் குறைந்த சூட்டில் வைத்து, உள்ளே இருக்கும் குழாய்த் துண்டின்மேல் மட்டும் காற்றைச் செலுத்த வேண்டும். துண்டு இளகியதும் திருப்புளியின் நுனியை வாயில் நுழைத்து விளிம்பைப் பிரித்து, மூக்குக் குறட்டால் பிடித்து, மீன் டின்னின் மூடியைச் சுருட்டுவது போல உள்நோக்கிச் சுருட்டி இழுக்க வேண்டும். முன்பே ஓரிரு பள்ளம் அறுத்திருந்தால் வேலை மேலும் எளிதாகும்.

ஹீட் கன்னின் காற்று பல நூறு பாகை வரை சூடேறக்கூடியது. பிவிசி பழுப்பேறினாலோ புகை வந்தாலோ உடனே நிறுத்த வேண்டும். கொதிநீருக்கு இந்த ஆபத்து இல்லை. அது 100°-ஐத் தாண்டாது, பிவிசியைக் கருக்காது. ஆனால் பிட்டிங்கையும் சேர்த்து இளக்கிவிடும் என்பதால் கனமான பிட்டிங்குகளுக்கு மட்டுமே அது பொருந்தும். ரப்பர் வளையம் உள்ள வால்வுகளுக்குச் சூட்டு முறை ஏற்றதன்று. அவற்றுக்கு வெட்டி கப்ளிங் போடுவதே சிறந்தது.

துளைக்கருவியால் குடைதல்

குழாயின் உள்விட்டத்தை வழிகாட்டியாகக் கொண்டு சுழன்று, குழாயின் சுவரை மட்டும் சீவி எடுக்கும் தனிவகைப் பிட்டுகள் உண்டு. டிரில் எந்திரத்தில் பூட்டி மெதுவாகச் சுற்றினால் சாக்கெட் புதிது போல வெளிப்படும். ஒவ்வொரு குழாய் அளவுக்கும் தனிப் பிட்டு வேண்டும் என்பதால், ஒரே அளவில் பல பிட்டிங்குகளை மீட்பவருக்கே இது கட்டுப்படியாகும். குழாயின் அளவுக்கு மிகச் சரியாகப் பொருந்தாத பிட்டு, சாக்கெட்டை முட்டை வடிவமாகக் குடைந்துவிடும்.

தவிர்க்க வேண்டியவை

பிட்டிங்கை நெருப்பில் காட்டுவது, உள்ளே காகிதத்தையோ தென்னை நாரையோ திணித்துக் கொளுத்துவது, கரைப்பானை ஊற்றிப் பற்றவைப்பது ஆகியவை விரைவான வழிகளாகத் தோன்றினாலும் ஆபத்தானவை. பிவிசியின் எடையில் ஏறத்தாழ 57% குளோரின். அளவுக்கு மீறிச் சூடாகும்போது அது ஹைட்ரஜன் குளோரைடு வாயுவாக வெளியேறுகிறது. கண்ணிலும் மூச்சுக் குழாயிலும் உள்ள ஈரத்தில் கலந்தவுடன் அது ஹைட்ரோகுளோரிக் அமிலமாகிறது. திறந்த வெளியில் பிவிசியை எரிக்கும்போது டையாக்சின் போன்ற நச்சுப் பொருள்களும் உண்டாகின்றன. மூடிய அறையிலோ கிணற்றுக்குள்ளோ இதைச் செய்வது உயிருக்கே ஆபத்து.

அசிட்டோனிலோ சால்வென்ட் சிமென்டிலோ பிட்டிங்கை ஊறவைப்பதாலும் பயன் இல்லை. குழாய்த் துண்டு கரையும் முன்பே சாக்கெட்டின் பரப்பு கூழாகிவிடும். இக்கரைப்பான்களின் ஆவி அறை வெப்பநிலையிலேயே தீப்பற்றக்கூடியது. சிமென்ட் டப்பா திறந்திருக்கும் இடத்தில் ஹீட் கன்னையோ அடுப்பையோ இயக்கக் கூடாது.

பழைய குழாயை அறுக்கும்போது எழும் தூளையும் அலட்சியமாக விடக் கூடாது. தூளில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் (கீழே காண்க) முகத்தை மூடிக்கொண்டு, ஈரத் துணியால் தூளைத் துடைத்து எடுப்பது நல்லது.

மீட்டதைச் சோதித்தல்

மீட்ட சாக்கெட்டை வெளிச்சத்தில் பார்த்து விரிசல், பிளேடு கோடு, நெளிவு ஆகியவை உள்ளனவா என்று காண வேண்டும். விளிம்பில் தலைமுடி போன்ற விரிசல் ஒன்று இருந்தாலும் பிட்டிங்கை ஒதுக்கிவிட வேண்டும். பழைய ஒட்டின் திட்டுகளை உப்புத்தாளால் மேலோட்டமாக நீக்க வேண்டும். வழவழப்பாகும் வரை தேய்த்தால் சாக்கெட் அகன்றுவிடும்.

அடுத்தது உலர் பொருத்தம். சிமென்ட் தடவாமல் புதிய குழாயைக் கையால் மெல்லத் தள்ளினால், சாக்கெட்டின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் போய், மூன்றில் இரண்டு பங்குக்குள் இறுகி நிற்க வேண்டும். தடையின்றி அடிவரை போய் ஆடினால் அந்த பிட்டிங் அழுத்தத் தடத்துக்கு உதவாது. இடைவெளியைச் சிமென்டால் நிரப்பிச் சரிக்கட்டும் பழக்கம் உண்டு. அவ்வாறு தடித்த சிமென்ட் முழுமையாக உலராமல் உள்ளே மென்மையாகவே இருந்துவிடும்.

குழாயின் அளவுமுறையும் பொருந்த வேண்டும். கடையில் இரண்டையுமே ஒரு இஞ்ச் என்று சொன்னாலும், ஐ.எஸ். 4985 குழாயின் வெளிவிட்டம் 32 மி.மீ., வீட்டு வேலைக்கு வரும் அமெரிக்க அளவுமுறைக் குழாயின் வெளிவிட்டம் 33.4 மி.மீ. ஒன்றின் பிட்டிங்கில் மற்றொன்று சரியாகப் பொருந்தாது. வெந்நீருக்கான சிபிவிசி குழாயின் அளவும் சிமென்டும் வேறு. அதைப் பிவிசியோடு ஒட்டாமல் மரை இணைப்பால் சேர்ப்பதே முறை.

மீண்டும் ஒட்டும்போது இரு பரப்பையும் துடைத்து உலர்த்தி, இரண்டிலும் சிமென்ட் தடவி, கால் சுற்றுத் திருப்பியபடி அடிவரை தள்ளி, அரை நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். பிதுங்கிய சிமென்டைத் துடைத்துவிட்டு ஒரு நாள் முழுவதும் காயவிட வேண்டும்.

சோதனையைத் தண்ணீரால் மட்டுமே செய்ய வேண்டும். தடத்திலுள்ள காற்றை முழுவதும் வெளியேற்றி, நீரை நிரப்பி, அழுத்தத்தை மெல்ல ஏற்றி, ஒட்டுகளைச் சுற்றி ஈரம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். கம்ப்ரஸர் காற்றால் பிவிசி தடத்தைச் சோதிப்பது மிகவும் ஆபத்தானது. நீர் சுருங்காது என்பதால் குழாய் உடைந்தவுடன் அழுத்தம் விழுந்துவிடும். காற்றோ சுருங்கி ஆற்றலைத் தேக்கி வைத்திருக்கிறது. உடையும் கணத்தில் அது பிவிசி சில்லுகளைக் குண்டுத் துணுக்குகள் போல வீசும்.

எங்கே பயன்படுத்தலாம்

மீட்ட பிட்டிங்கின் சாக்கெட் ஒருமுறை கரைந்து, நெம்பப்பட்டு, சில வேளை சூடேறியும் இருக்கிறது. அதன் எஞ்சிய வலிமையைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே அதைத் தாங்கும் அழுத்தம் குறைவாக உள்ள இடத்தில் வைப்பதே பொது விதி.

நீரின் உயரம் 10 மீட்டருக்குச் சதுர செ.மீ.க்கு ஏறத்தாழ 1 கிலோ அழுத்தத்தைத் தரும். 6 மீட்டர் உயரத் தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில் இருப்பது ஏறத்தாழ 0.6 கிலோ அழுத்தமே. ஆழ்துளைக் கிணற்று மோட்டாரின் ஏற்றுக் குழாயில் இது பல மடங்காகும். மோட்டார் நிற்கும்போதும் வால்வைச் சட்டென மூடும்போதும் ஓடும் நீர் மோதி எழும் அதிர்ச்சி அழுத்தம் அதற்கும் மேல் சேரும். பிவிசியின் அழுத்தத் தாங்குதிறன் இந்தியத் தரத்தில் 27° வெப்பநிலைக்குக் கணக்கிடப்படுகிறது. வெயிலில் சூடேறிய குழாயின் தாங்குதிறன் அதைவிடக் குறைவு.

தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் திறந்த தடம், தொட்டியின் வழிந்தோடும் குழாய், மழைநீர் வடிகால், தரைமட்டக் குறையழுத்தத் தடம் ஆகியவற்றுக்கு மீட்ட பிட்டிங்குகள் போதும். மோட்டார் ஏற்றுக் குழாய்க்கும் ஆழப் புதைக்கும் முதன்மைத் தடத்துக்கும் புதிய பிட்டிங்கே வேண்டும். சுவருக்குள் மூடிவிடும் இடங்களுக்கும் பொதுவாக இதே விதிதான். அங்கே ஏற்கெனவே பதிந்திருக்கும் பிட்டிங்கை, சுவரை உடைக்காமல் இருப்பதற்காக மீட்க நேர்ந்தால், பூசி மூடும் முன் முழு அழுத்தத்தில் சோதித்துப் பார்க்க வேண்டும்.

குடிநீரும் ஈயமும்

பிவிசி வெப்பத்தில் சிதையாமல் குழாயாக உருப்பெற ஒரு நிலைநிறுத்தி சேர்க்கப்படுகிறது. இந்தியாவில் நெடுங்காலம் ஈய உப்புகளே இதற்குப் பெரிதும் பயன்பட்டன. ஈயம் குறைந்த அளவிலேயே குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் நச்சு. நடுவண் சுற்றுச்சூழல் அமைச்சகம், பிவிசி குழாய்களிலும் பிட்டிங்குகளிலும் ஈய நிலைநிறுத்திகளைக் கட்டுப்படுத்தும் விதிகளை 2021-இல் கொண்டுவந்தது. கால்சியம்-துத்தநாகம் போன்ற மாற்றுகள் இப்போது அவ்விடத்தைப் பிடித்து வருகின்றன.

ஒரு பழைய பிட்டிங்கில் ஈயம் உண்டா இல்லையா என்பதை வெளித்தோற்றத்தால் அறிய முடியாது. மீட்கும்போது அதன் உட்பரப்பு அறுபட்டும் தேய்ந்தும் புதிய பரப்பு வெளிப்படுகிறது. ஆகவே ஆண்டும் தயாரிப்பும் தெரியாத பிட்டிங்கைக் குடிநீர்த் தடத்திலும் சமையலறைக் குழாயிலும் வைக்காமல், பாசனத்துக்கும் கழுவுநீருக்கும் ஒதுக்குவதே தக்கது. பூச்சிமருந்தோ உரக் கரைசலோ ஓடிய பாசனத் தடத்தின் பிட்டிங்குகளை ஒருபோதும் குடிநீருக்குக் கொண்டுவரக் கூடாது.

திருவண்ணாமலைப் பகுதியில்

அடி அண்ணாமலை, அருணாசல மலையைச் சுற்றிவரும் ஏறத்தாழ 14 கி.மீ. கிரிவலப் பாதையில், மலையின் மேற்குப் பக்கம் உள்ளது. ஆதி அருணாசலேசுவரர் கோயில் இங்கு இருக்கிறது. திருவண்ணாமலைக்குத் தென்பெண்ணை ஆற்றின் சாத்தனூர் அணையிலிருந்து குடிநீர் வருகிறது. சுற்றுப்புற வீடுகளும் ஆசிரமங்களும் வயல்களும் கிணற்றையும் ஆழ்துளைக் கிணற்றையும் சார்ந்துள்ளன. கடினப் பாறை நிலத்தின் இயல்பும் திருவிழாக் காலத் தேவைகளும் பிட்டிங் மறுபயன்பாட்டில் சில தனிக் கவனங்களை வேண்டுகின்றன.

பாறை மேலாக உள்ள இடங்களில் குழாயை ஆழப் புதைக்க முடியாமல் வரப்போரமாகத் தரைமேல் ஓட்டுவது உண்டு. அத்தகைய தடங்களின் பிட்டிங்குகள் வெயிலில் முதுமை அடைந்திருக்கும் என்பதால், மீட்கும் முன் மேற்பரப்பைக் கீறிப் பார்க்க வேண்டும்.

பாறைப் பகுதி ஆழ்துளைக் கிணற்று நீர் பெரும்பாலும் கடினநீர். வால்வுகளிலும் வடிகட்டிகளிலும் சுண்ணாம்பு உப்பு வெள்ளையாகப் படியும். இதைக் கத்தியால் சுரண்டினால் பரப்பு கெடும். வினிகரிலோ நீர்த்த சிட்ரிக் அமிலத்திலோ சில மணி நேரம் ஊறவைத்தால் படிவு கரைந்துவிடும். நீர்த்த அமிலம் பிவிசியைப் பாதிக்காது. பித்தளை மரை உள்ளவற்றை மட்டும் நீண்ட நேரம் ஊறவிடக் கூடாது.

பௌர்ணமி நாள்களிலும் கார்த்திகைத் தீபத்தின்போதும் பெருந்திரளான மக்கள் மலையைச் சுற்றி வருகிறார்கள். இத்தகைய சில நாள் கூட்டத்துக்காகத் தண்ணீர்த் தொட்டியும் குழாய்த் தடமும் அமைக்கும்போது, எல்லா இணைப்பையும் ஒட்டிவிட்டால் பிரிக்கும்போது பிட்டிங்குகள் அனைத்தும் வீணாகும். தற்காலிகத் தடங்களுக்கு மரை இணைப்பும் யூனியனும் ஏற்றவை.

வயல்களில் மீட்புக்கு உரியது சொட்டுநீர்ப் பாசனத்தின் தலைப்பகுதி. தமிழ்நாட்டில் நுண்ணீர்ப் பாசனத்துக்குச் சிறு, குறு உழவர்களுக்கு 100% மானியமும் மற்ற உழவர்களுக்கு 75% மானியமும் வழங்கப்பட்டு வருவதால், இவ்வமைப்பு பரவலாக உள்ளது. கிணறு வற்றி வேறிடத்தில் ஆழ்துளை போடும்போது வடிகட்டி, வால்வு, காற்றுப் போக்கி ஆகியவற்றை இடம் மாற்ற நேர்கிறது. இருபுறமும் போதிய குழாய் விட்டு மொத்தத் தொகுப்பாக அறுத்து எடுத்துச் சென்று, கப்ளிங்கால் சேர்ப்பதே இங்கு இழப்பு குறைந்த வழி.

கழிவை அகற்றுதல்

மீட்க முடியாத பிட்டிங்குகளையும் குழாய்த் துண்டுகளையும் குப்பையோடு எரிக்கக் கூடாது. மறுசுழற்சியில் பிவிசியின் குறியீட்டு எண் 3. பழைய பொருள் கடைகளுக்குப் போடும்போது குடிநீர்ப் புட்டி போன்ற பிற பிளாஸ்டிக்குடன் கலக்காமல் தனியே கட்டிக் கொடுக்க வேண்டும். பெட் பிளாஸ்டிக்கை உருக்கும் வெப்பத்தில் பிவிசி சிதைந்து அமில வாயு விடுவதால், சிறிதளவு கலந்தாலும் முழுச் சரக்கும் கெடும்.

பிரிக்கத்தக்க தடம் அமைத்தல்

ஒட்டிய பிறகு பிரிக்கப் பாடுபடுவதைவிட, போடும்போதே பிரிக்கும் இடங்களைத் திட்டமிடுவது எளிது.

1. மோட்டார், வால்வு, வடிகட்டி, தொட்டி ஆகியவற்றின் அருகே யூனியன் வைத்தால், அந்த உறுப்பை அறுக்காமலேயே கழற்றலாம்.

2. விலை கூடிய உறுப்புகளை நேரடியாகக் குழாயில் ஒட்டாமல், மரை பிட்டிங்கும் டெஃப்லான் டேப்பும் கொண்டு பூட்டலாம். மரையில் சால்வென்ட் சிமென்ட் தடவக் கூடாது.

3. ஒட்ட வேண்டிய இடத்தில், இரண்டு பிட்டிங்குகளுக்கு இடையே குறைந்தது இரண்டு சாக்கெட் ஆழத்துக்கு வெற்றுக் குழாய் தெரியும்படி விட்டால், பின்னாளில் வெட்டி கப்ளிங் போட இடம் இருக்கும். 63 மி.மீ. குழாய்க்கு இது ஏறத்தாழ 80 மி.மீ. தூரம்.

4. பெரிய அளவுப் புதைகுழாய்களுக்கு ரப்பர் வளைய இணைப்பும், வால்வு வரும் இடத்தில் ஃபிளாஞ்சும் பயன்படுத்தலாம்.

5. அடிக்கடி இடம் மாறும் பாசனத் தடத்துக்குக் கொக்கியால் பூட்டும் ஸ்பிரிங்ளர் குழாய்கள் உள்ளன. எச்.டி.பி.இ. குழாய்க்குக் கையால் முறுக்கும் கம்ப்ரஷன் பிட்டிங்குகள் கிடைக்கின்றன.

ஒரு யூனியனின் விலை சிறு எல்போவை விடக் கூடுதல்தான். ஆனால் மோட்டார் பழுதாகும் ஒவ்வொரு முறையும் அறுபடும் குழாயையும், அதன்பின் வாங்கும் கப்ளிங்கையும், புதிய ஒட்டு காயும்வரை தண்ணீரின்றி நிற்கும் ஒரு நாளையும் அது மிச்சப்படுத்துகிறது.